சண்டியன் காப்பானா? ஐஸ் ஹொக்கியும் தலைக்காயமும்

கடந்த குளிர்காலத்தில், ஸ்காபரோவில் நான் இயன்மருத்துவராகப் பணியாற்றும் சிகிச்சை நிலையத்துக்கு ஒரு தந்தை தமது பதினான்கு வயது மகனை அழைத்து வந்தார். ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் மோதுண்டு மூளையதிர்ச்சி ஏற்பட்டு மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அப்போதும் தலையைச் சட்டென்று திருப்பினால் அந்தப் பிள்ளைக்குத் தலை சுற்றியது. வகுப்பறை வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நான் கழுத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது தந்தை கேட்டார்: "தங்கச்சி, இவன்தான் ரீமில கூட கோல் போடுறவன். பக்கத்தில ஒரு பெரிய பொடியன விட்டா ஒருத்தரும் இவனில கை வைக்க மாட்டினம் எண்டு சொல்லுகினம். அது உண்மையே?"

இந்த நம்பிக்கை பிள்ளைகளின் அணிகளில் பிறந்ததன்று. வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லிலிருந்து இறங்கி வந்தது. அங்கே இருவர் கையுறைகளைக் கழற்றிவிட்டுக் குத்திக்கொண்டால் வழமையாக ஐந்து நிமிடத் தண்டனைதான். அது முடிந்ததும் மீண்டும் ஆட வரலாம். இந்த விதியின் நிழலில் 'என்ஃபோர்சர்' என்ற பாத்திரம் வளர்ந்தது. நம் பேச்சில் சொன்னால், அவர் அணியின் சண்டியன். 1980களில் எட்மன்டன் ஒயிலர்ஸ் அணியில் வெயின் கிறெட்ஸ்கிக்குக் காவலாக டேவ் செமெங்கோவும் பின்னர் மார்ட்டி மக்ஸோர்லியும் இருந்தார்கள். 1988 ஓகஸ்டில் கிறெட்ஸ்கி லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது மக்ஸோர்லியும் கூடவே சென்றார். ஆட்டக்காரர்கள் பலர் இந்த ஏற்பாட்டை மனதார நம்பினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. சண்டையைத் தொடக்குபவருக்குக் கூடுதல் தண்டனை தரும் விதி 1992இல் வந்த பின்னரே நட்சத்திரங்கள் பாதுகாப்பிழந்தார்கள் என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

என் மேசையில் படுக்கும் நோயாளிகளின் கழுத்தும் தலையும் வேறு கதை சொல்கின்றன. மூளையதிர்ச்சியை உண்டாக்கும் மோதல்களில் மிக மோசமானவை பெரும்பாலும் எதிர்பாராத திசையிலிருந்து வருபவை. வருவதைக் கண்டால் கழுத்துத் தசைகள் இறுகித் தலையை ஓரளவு தாங்கும். காணாவிட்டால் தலை திடீரென்று சுழல, மண்டையோட்டுக்குள் மூளையின் இழையங்கள் இழுபட்டு முறுகுகின்றன. இவை எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கணத்தில் சண்டியன் பெரும்பாலும் மறுபக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பார், ஏனெனில் ஓர் ஆட்டத்தில் அவர் பனித்தளத்தில் நிற்பதே சில நிமிடங்கள்தான். அவரால் தரக்கூடியது பழிவாங்கல் மட்டுமே. அது காயத்துக்குப் பின்னரே வருகிறது.

2010 மார்ச் 7ஆம் திகதி பிற்ஸ்பேர்க்கில் நடந்ததை நான் பெற்றோருக்கு அடிக்கடி சொல்வதுண்டு. பொஸ்டன் அணியின் முன்னணி ஆட்டக்காரர் மார்க் சவார்ட் பந்துவட்டை அடித்துவிட்டு நின்ற கணத்தில், பிற்ஸ்பேர்க் அணியின் மற் குக் பார்வைக்கு அப்பாலிருந்து வந்து அவருடைய தலையில் மோதினார். பொஸ்டன் அணியில் ஷோன் தோர்ன்டன் என்ற பெயர்பெற்ற சண்டைக்காரர் இருந்தார். ஆயினும் குக் தயங்கவில்லை. நடுவர் தண்டனை தரவில்லை. அத்தகைய மோதலைத் தடுக்கும் விதி அப்போது இல்லாததால் லீக்கும் அவரை இடைநிறுத்தவில்லை. பதினொரு நாட்களின் பின் பொஸ்டனில் தோர்ன்டன் குக்கோடு சண்டையிட்டார். கணக்குத் தீர்ந்தது என்று பலர் கருதினார்கள். சவார்டின் மூளைக்கு அதனால் என்ன கிடைத்தது? 2011 ஜனவரியில் இன்னொரு மோதலில் மீண்டும் மூளையதிர்ச்சி ஏற்பட்டது. 33 வயதில் ஆடிய அந்த ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டமானது.

குக்கின் ஆட்டத்தை மாற்றியது வேறொன்று. பார்வைக்கு அப்பாலிருந்து தலையில் மோதுவதைத் தடைசெய்யும் விதி அந்தச் சம்பவத்தை அடுத்தே வந்தது. அடுத்த ஆண்டு, ஒருவரின் தலையில் முழங்கையால் இடித்ததற்காக, பருவத்தின் எஞ்சிய 10 ஆட்டங்களுடன் இறுதிச்சுற்றின் முதற்கட்டம் முழுவதையும் அவர் இழந்தார். அதன் பின் அவர் தன் ஆட்டமுறையையே திருத்திக்கொண்டார்.

பழிவாங்கல் தன் அளவோடு நிற்பதும் இல்லை. 2004 பெப்ரவரியில் கொலராடோ அணியின் ஸ்டீவ் மூர், வன்கூவர் அணித்தலைவர் மார்க்கஸ் நாஸ்லண்டைத் தலையில் மோதிக் காயப்படுத்தினார். மார்ச் 8ஆம் திகதி இரு அணிகளும் மீண்டும் சந்தித்தபோது மூர் முதற்பகுதியிலேயே சண்டைக்கு இணங்கிச் சண்டையிட்டார். எழுதப்படாத அந்தச் சட்டப்படி அவர் கடனைக் கட்டிவிட்டார். ஆயினும் மூன்றாம் பகுதியில் டொட் பெர்ட்டூசி பின்னாலிருந்து அவரைத் தாக்கிப் பனியில் வீழ்த்தினார். கழுத்தில் முள்ளெலும்புகள் முறிந்தன. மூர் அதன்பின் லீக்கில் ஆடவே இல்லை. கழுத்தெலும்பு முறிவுக்குப் பின் எழுந்து நடப்பதே பெரும்பேறு என்பதை நோயாளிகளிடம் கண்டவள் நான். எனவே இச்சம்பவத்தை 'ஆட்டத்தின் நீதி' என்று எவரேனும் சொன்னால் என்னால் அமைதியாக இருக்க முடிவதில்லை.

காவலுக்கு நிறுத்தப்பட்டவரின் தலை பற்றியும் பேச வேண்டும். மினசோட்டா அணியில் மரியன் காபொரிக் போன்ற கோல் வீரர்களுக்குத் துணையாக டெரெக் பூகார்ட் இருந்தார். (காபொரிக் 2008-09 பருவத்தில் 17 ஆட்டங்களே ஆடினார். காரணம் இடுப்புக் காயம். அதற்கு எந்தக் கைமுட்டியும் காவலாகாது.) பூகார்ட் 277 ஆட்டங்களில் 3 கோல்கள் போட்டார்; அவருடைய வேலை அதுவன்று. 2010 டிசம்பரில் ஒரு சண்டையில் மூளையதிர்ச்சி அடைந்த அவர், 2011 மே மாதம் மதுவும் வலிநிவாரணி மாத்திரைகளும் கலந்ததால் 28 வயதில் இறந்தார். பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. என்னும் சிதைவு நோயைக் கண்டார்கள். அந்தத் தந்தை கேட்ட 'பெரிய பொடியனும்' ஒரு வீட்டின் பிள்ளைதான்.

பிள்ளைகளைக் காக்கும் வழிக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. உடலால் மோதித் தடுக்கும் பொடிசெக்கிங்கை 11, 12 வயதினருக்கு அல்பேர்ட்டா மாகாணம் அனுமதித்தது, கியூபெக் அனுமதிக்கவில்லை. 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, அல்பேர்ட்டாப் பிள்ளைகளிடம் மூளையதிர்ச்சி அபாயம் மூன்று மடங்குக்கும் அதிகம் என்று காட்டியது. 2013இல் ஹொக்கி கனடா அந்த வயதினருக்கு நாடு முழுவதும் அதைத் தடைசெய்தது. எந்தச் சண்டியனும் தராத பாதுகாப்பு இது.

ஆகவே தந்தையிடம் நான் கூறியது இவ்வளவுதான்: பக்கத்தில் யாரை விடுவார்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். தலையில் மோதும் ஆட்டக்காரரை நடுவர்கள் வெளியேற்றுகிறார்களா, மோதுண்ட பிள்ளையை உடனே தளத்திலிருந்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஒன்ராறியோவின் ரோவன் சட்டப்படி, மூளையதிர்ச்சி என்று சந்தேகம் எழுந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவரோ தாதிய மருத்துவரோ அனுமதிக்கும் வரை முழு ஆட்டத்துக்குத் திரும்ப விடக்கூடாது. அவருடைய மகன் ஏழாவது வாரத்தில்தான் மோதலில்லாப் பயிற்சிக்குத் திரும்பினான். அன்றும் தலைவலி வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தே அனுப்பினேன்.