ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி ஏன் உதறுகிறது?

சோழவந்தான், வாடிப்பட்டி வயல்களில் நான்கு சக்கர இழுவை டிராக்டர் ஓட்டுகிறவர்கள் தார்ச்சாலையில் ஏறியதும் முன்சக்கர இழுவை லீவரை விடுவித்துவிடுவார்கள். விடாவிட்டால் முன் டயர் சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி திமிறும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் வழுக்க விடாது. மாசி வீதிச் சந்துக்குள் ஒரு ஆல் வீல் டிரைவ் காரை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது, தரையிலிருந்து தட்டுவதுபோல் வரும் உதறலுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கணக்குப் போட்டால் புரியும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.6 மீட்டர் இடைவெளி என்று வைப்போம். பின் அச்சின் நடு 4 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், முன் அச்சின் நடு ஏறத்தாழ 4.77 மீட்டர் ஆரத்தில் சுற்றும். ஒரு முழு வட்டத்துக்குப் பின் அச்சு 25 மீட்டர் போகிறது, முன் அச்சு 30 மீட்டர். 215/60 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.17 மீட்டர். அப்படியென்றால் முன்சக்கரங்கள் இரண்டு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுழல வேண்டும். இந்த வித்தியாசத்தை எங்காவது நழுவவிட ஓர் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் புரோப்பெல்லர் ஷாஃப்ட் என்ற தண்டு முறுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு டயர் தார் மேல் துள்ளி விடுபடும். பிறகு மறுபடி முறுக்கம், மறுபடி துள்ளல்.

மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் நடு டிபரன்ஷியல், அதாவது முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. காய்ந்த சாலையில் 4எச் (நான்கு சக்கர இழுவை) போட்டு ஒடித்தால் அவை உதறத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, லீவரை 2எச்சுக்கு (இரு சக்கர இழுவை) தள்ளினால் போதும். முன்னையும் பின்னையும் பூட்டி ஒன்றாகச் சுழல வைக்கும் லாக் மோடு உள்ள கார்களிலும் முதலில் அந்தக் குமிழைப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும்.

சிக்கலானது, தானாக இழுவையைப் பகிரும் வகை. பின் டிபரன்ஷியலுக்கு முன்னால் எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டுகளின் அடுக்கு ஒன்று இருக்கும், கப்ளிங் என்பது இதுதான். கம்ப்யூட்டர் தேவைக்கு ஏற்ப அதை இறுக்கும், தளர்த்தும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பல வண்டிகள் அதை முன்கூட்டியே கொஞ்சம் இறுக்கி வைக்கும். வளைவில் அந்தத் தட்டுகள் மெதுவாக, வழவழவென்று நழுவ வேண்டும். எண்ணெயில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மம் தீர்ந்துவிட்டால் நிற்கும்போது உள்ள பிடிப்பு, நகரும்போது உள்ள பிடிப்பைவிட அதிகமாகிவிடும். தட்டுகள் ஒட்டும், விடும், ஒட்டும், விடும். எண்ணெய் போடாத கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே விதத்தில்தான்.

பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் ஆக்சிலைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. ஆக்சிலின் வெளி ஜாயின்ட் போனால் உதறலைவிட 'டக் டக்' என்ற சத்தம்தான் வரும், சக்கரம் சுழலும் வேகத்தோடு அதுவும் கூடும். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

டயரிலிருந்து தொடங்குங்கள். நான்கும் ஒரே அளவா, ஒரே மாதிரியா? குளிர்ந்த நிலையில் காற்று சரியா? பட்டன் ஆழத்தை, அதாவது டயர்ப் பள்ளத்தின் ஆழத்தை, ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளவெடுங்கள். முன்னே 8 மி.மீ. புது டயரும் பின்னே 3 மி.மீ. பழைய டயரும் இருந்தால் சுற்றளவில் சுமார் 31 மி.மீ. வித்தியாசம், அதாவது ஒன்றரை சதவீதம். நேர்ச்சாலையில் 100 கி.மீ. போனாலே 650 சுற்றுக்கு மேல் இடைவெளி விழும். கிளட்ச் தட்டுகள் அத்தனையையும் நழுவியே தீர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் அப்படி ஓடினால் எண்ணெய் கருகாமல் என்ன செய்யும்? இரண்டு டயர் மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிப்பது இந்த வண்டிகளுக்கு ஆகாது.

அடுத்து ஓட்டிப் பார்த்தல். 20 நிமிடம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு, காய்ந்த தார் அல்லது சிமென்ட் தளத்தில் முழு ஒடிப்பில் 5 முதல் 10 கி.மீ. வேகத்தில் இடமும் வலமும் சுற்றுங்கள். பிறகு கண்மாய்க்கரைச் செம்மண் பொட்டலில் அதையே செய்யுங்கள். தாரில் உதறி மண்ணில் அடங்கினால், நழுவ இடமில்லாத முறுக்கம்தான். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் ஜாயின்ட், எஞ்சின் மவுன்ட், கியர்பாக்ஸ் பக்கம் தேடலாம். பெயின்ட் அடித்த பேஸ்மென்ட் தரையில் சோதிக்க வேண்டாம், டயர் அங்கே வழுக்கிக் குற்றத்தை மறைத்துவிடும்.

ஸ்கேனர் இருந்தால், சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் கோண சென்சார் பூஜ்ஜியம் காட்டுகிறதா பாருங்கள். தவறாகக் காட்டினால், வளைவில் கிளட்சைத் தளர்த்த வேண்டும் என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகலாம். பிறகு கப்ளிங்கின் மின் இணைப்பைக் கழற்றி அதே வட்டத்தை மெதுவாகச் சுற்றுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும், பரவாயில்லை. உதறல் நின்றால் கிளட்ச், எண்ணெய், கட்டுப்பாடு இவற்றில்தான் விஷயம். நிற்கவில்லை என்றால் தட்டுகள் ஒட்டிக்கொண்டனவா என்று பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை பார்க்கில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே திசையில் ஒன்றாகச் சுழற்றுங்கள். லேசான இழுப்போடு சுழல வேண்டும். ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் திரும்பும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எண்ணெய் மாற்றும்போது ஊற்றும் பக்கத்து பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வராமல் போனால், வடித்த பிறகு வண்டியை நகர்த்த முடியாது. பல வண்டிகளில் கப்ளிங்குக்கு ஓர் எண்ணெய், ஒட்டியே இருக்கும் டிபரன்ஷியலுக்கு வேறோர் எண்ணெய். கப்ளிங்கில் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். அதில் சாதாரண ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றினால் உதறல் கூடும், கையேட்டில் சொன்ன எண்ணெய் மட்டுமே ஆகும். ஹால்டெக்ஸ் என்ற வகைக் கப்ளிங்கின் ஐந்தாம் தலைமுறையில் மாற்றக்கூடிய ஃபில்டர் கிடையாது. பம்பின் சல்லடையைக் கழற்றித் துடைக்காவிட்டால் எண்ணெய் மாற்றியும் பயனில்லை.

வடித்த எண்ணெய் கறுத்துக் கருகல் வாசம் அடித்தால், புது எண்ணெய் ஊற்றி எட்டுப் போட்டு மெதுவாகப் பல சுற்று ஓட்டுங்கள். தட்டுகளுக்கு இடையில் தங்கிய பழசும் அப்போதுதான் கலந்து வெளிவரும். சில நூறு கி.மீ. கழித்து இன்னொரு முறை மாற்றலாம். பளபளக்கும் உலோகத் துகள் கிடந்தால் எண்ணெயில் காசைக் கொட்ட வேண்டாம், கப்ளிங்கைத் திறந்து பார்ப்பதுதான் வழி.