புற்றுநோய்ச் சிகிச்சையில் தாய்மொழி விளக்கம்: அமெரிக்கச் சட்டம் தரும் உரிமை

அமெரிக்காவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு ஆங்கிலம் போதிய அளவு தெரியாவிட்டால், அவருடைய நோயையும் சிகிச்சையையும் அவருக்குப் புரியும் மொழியில் விளக்க ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் சட்டக் கடமை. அந்த ஏற்பாட்டுக்காக நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சீனம், வியட்நாமியம், கொரிய மொழி, பிலிப்பைன்ஸின் தகாலோக் ஆகியவற்றைப் பேசுவோருக்கு இருக்கும் இந்த உரிமை தமிழ் பேசுவோருக்கும் அப்படியே உண்டு. பிள்ளைகளோடு தங்கியிருக்கும் வயதான பெற்றோர் பலர் இதை அறியாமல், மகனோ மகளோ விடுப்பு எடுத்து உடன் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த உரிமையின் வேர் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் நிதி பெறும் எந்த நிறுவனமும் ஒருவரின் பூர்வீக நாட்டைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் ஆறாம் பகுதி சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாமல் தவித்த சீன மாணவர்கள் தொடர்பான வழக்கில், மொழி புரியாதவரை அப்படியே விட்டுவிடுவதும் இந்தச் சட்டத்துக்கு முரணானதே என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிய மொழி பேசும் குழந்தைகளுக்காக நடந்த அந்த வழக்கின் பயன் இன்று மருத்துவமனை வரை நீண்டிருக்கிறது. பின்னர், ஒபாமாகேர் என்று அறியப்படும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவு இதே தடையை மருத்துவத் துறைக்கென்று தனியாக வகுத்தது. அந்தப் பிரிவுக்கான விரிவான விதிகள் 2024 மே மாதம் வெளியாகி, ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தன.

முதியோருக்கான மெடிகேர், வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்ட் ஆகிய அரசுக் காப்பீடுகள் உள்ளிட்ட கூட்டாட்சிச் சுகாதார நிதி பெறும் மருத்துவமனைகள் இந்த விதிகளுக்குள் அடங்கும். மருத்துவர் கட்டணத்தை ஏற்கும் மெடிகேரின் பி பகுதியிலிருந்து பணம் பெறும் தனி மருத்துவர்களையும் 2024ஆம் ஆண்டு விதி உள்ளே கொண்டுவந்துவிட்டது. நோயாளி அந்நாட்டுக் குடிமகனா, பிள்ளைகளைப் பார்க்க வந்தவரா என்பதைப் பொறுத்து இந்த உரிமை மாறுவதில்லை. சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்பது வேறு விஷயம். உடன் வரும் மனைவிக்கோ கணவருக்கோ ஆங்கிலம் தெரியாவிட்டால் அவருக்கும் மொழியுதவி கேட்கலாம்.

இரண்டு செய்திகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். மொழியுதவி இலவசமாகக் கிடைக்கும் என்ற அறிவிப்பை, அந்தந்த மாநிலத்தில் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்கள் அதிகம் பேசும் 15 மொழிகளிலாவது மருத்துவமனை வெளியிட வேண்டும். ஒப்புதல் படிவம், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பு, கட்டண விவரம் போன்றவற்றோடு அந்த அறிவிப்பு இணைந்து வரும். அந்தப் பதினைந்தில் தமிழ் இல்லாததைக் கண்டு, நமக்கு இந்த வசதி கிடையாது என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது தவறு. 15 என்ற எண்ணிக்கை அறிவிப்புக்கு மட்டுமே உரியது. பேச்சை மொழிபெயர்க்கும் ஆளைக் கேட்கும் உரிமைக்கு அப்படி ஒரு பட்டியலும் இல்லை. தமிழ் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லையென்றால் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ ஒருவரை இணைக்கலாம். ஒலியும் படமும் தெளிவாக இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

கேட்கும்போது டிரான்ஸ்லேட்டர் என்று சொல்வதைவிட இன்டர்பிரட்டர் என்று சொல்வது நல்லது. முதற்சொல் எழுத்தை மொழிபெயர்ப்பவரைக் குறிக்கும். இரண்டாவது, பேச்சை உடனுக்குடன் பெயர்த்துச் சொல்பவரைக் குறிக்கும். ‘ஐ நீட் எ டமில் இன்டர்பிரட்டர்’ என்ற ஒரு வாக்கியத்தை வீட்டுப் பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டால், அவர் தனியாகப் போகும் நாளிலும் அது உதவும்.

வீட்டு ஆட்களை வைத்தே பேசிவிடலாமே என்ற எண்ணம் நம்மிடையே இயல்பாக இருக்கிறது. ஆனால் மருத்துவமனை அப்படிச் செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளையை, உயிருக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து இருக்கும் நேரம் தவிர, மொழிபெயர்க்கப் பயன்படுத்தவே கூடாது. வயது வந்த உறவினர் மொழிபெயர்க்க வேண்டுமென்று நோயாளியே விரும்பினால், அந்த உறவினர் இல்லாத இடத்தில், தகுதி பெற்ற இன்டர்பிரட்டர் முன்னிலையில் அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். அது பதிவும் செய்யப்பட வேண்டும். இது வீண் கெடுபிடி போலத் தோன்றலாம். ஆனால் புற்றுநோய் என்ற சொல்லையே அம்மாவின் காதில் விழாமல் காக்க நினைக்கும் மகன், மருத்துவர் சொல்வதில் பாதியை அன்பினாலேயே விழுங்கிவிடுகிறான் என்பது நம் வீடுகளுக்கும் சீன, கொரிய வீடுகளுக்கும் பொதுவான அனுபவம். அறுவைச் சிகிச்சையா, கீமோதெரபியா, இனிச் சிகிச்சையே வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்த அம்மாதான். அவருடைய உடலைப் பற்றிய செய்தி அவருக்கு முழுமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இரு மொழியும் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்குப் புற்றுநோய்ப் பிரிவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ‘டிசீஸ் ஹாஸ் புராக்ரஸ்டு’ என்று மருத்துவர் சொன்னால் நோய் கூடியிருக்கிறது என்று பொருள். அதை முன்னேற்றம் என்று பெயர்த்தால், கேட்பவர் குணமாகிவருவதாக மகிழ்ந்துபோவார். நெறிக்கட்டியில் (லிம்ஃப் நோடில்) ‘பாசிட்டிவ்’ என்றால் அங்கும் புற்றணுக்கள் இருக்கின்றன என்று பொருள். அந்தச் சொல்லோ நல்ல செய்தி போல ஒலிக்கிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய ஹமாங் மக்களின் மொழியில் புற்றுநோயைக் குறிக்கும் மரபான சொல்லே இல்லாததால், அம்மக்களுக்கான விளக்கத் தாள்களை எழுதுவோர் நோயின் தன்மையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இயந்திர மொழிபெயர்ப்புக்கும் விதி எல்லை வகுத்திருக்கிறது. துல்லியம் இன்றியமையாத இடத்திலும், மூலத்தில் சிக்கலான அல்லது தொழில்நுட்ப மொழி இருக்கும் இடத்திலும், இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பைத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். கீமோதெரபி எடுத்துக்கொண்டு வீடு திரும்புபவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே அழைக்க வேண்டும் என்று தரப்படும் குறிப்பும், கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை வழக்கமான முறையில் இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்த வேண்டும் என்ற குறிப்பும் தவறாகப் பெயர்க்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. எல்லாத் தாள்களையும் எல்லா மொழிகளிலும் எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. எழுத்தில் தமிழ் கிடைக்காதபோது, அந்தத் தாளை இன்டர்பிரட்டர் வழியாக வாய்மொழியாகத் தமிழில் சொல்லும்படி கேட்டு, கேட்டதை வீட்டார் எழுதிவைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு வெளியே, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 1-800-227-2345 என்ற எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம். சில ஆசிய மொழிகளில் அச்சங்கத்தின் விளக்கத் தாள்களும் உண்டு.

மொழியுதவி பற்றி 2000ஆம் ஆண்டில் அதிபர் கிளின்டன் பிறப்பித்த 13166 எண் ஆணையை 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் ரத்து செய்ததால், எல்லாமே முடிந்துவிட்டது என்ற பேச்சு பரவியது. ரத்தானது அதிபரின் ஆணை. 1557ஆம் பிரிவு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதை ஓர் ஆணையால் நீக்க முடியாது.

உதவி மறுக்கப்பட்டால், 15 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனமாக இருந்தால், இதற்கென அங்கே நியமிக்கப்பட்டிருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் முறையிடலாம். கூட்டாட்சிச் சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்திலும், நடந்ததிலிருந்து 180 நாட்களுக்குள் இலவசமாகப் புகார் தரலாம். புகார் தந்தவரை அதற்காகப் பழிவாங்கக் கூடாது. நாள், நேரம், பேசியவரின் பதவி ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவைப்பது அவசியம். ஆனால் பெரும்பாலும் புகார் வரை போக வேண்டியிருக்காது. முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே, நோயாளியின் மொழி தமிழ், இன்டர்பிரட்டர் தேவை என்பதை அவருடைய மருத்துவப் பதிவில் ஏற்றச் சொல்லிவிட்டால், கதிரியக்கப் பிரிவிலும் மருந்தகத்திலும் அதே பதிவைப் பார்த்து ஏற்பாடு செய்ய வழி உண்டு.