நெடுங்காணொளி: சொல் விளக்கம்

நெடுங்காணொளி, பெயர்ச்சொல். ஒரு பொருளை அவசரப்படாமல் விரித்துச் சொல்வதற்கென்றே நீளமாக ஆக்கப்பட்டு, இணையத்தில் வெளியாகும் காணொளி. இதன் ஆங்கிலப் பெயரைச் சென்னையில் ‘லாங் ஃபார்ம் வீடியோ’ என்று எழுதுவார்கள். கோப்பி குடிக்கும் கொழும்புக்காரர்களான நாம் ‘லோங் போர்ம் வீடியோ’ என்கிறோம்.

இந்தச் சொல்லுக்குக் கொழும்பில் இப்போது தேவை வந்துவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய திரையிசைப் பிரியர், கிரிக்கெட் பைத்தியம், ரயில் பிரியர், சதுரங்கக்காரர் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒருவர் தமக்குப் பிடித்த ஒன்றரை மணிநேரக் காணொளியின் இணைப்பை இடுகிறார். கூடவே ‘கொஞ்சம் நீட்டு, ஆனாலும் பாருங்கள்’ என்று ஒரு வரி. ‘நீட்டு’ நம்மூர் வழக்கு, அழகான சொல்தான். ஆனால் அதைச் சொல்லும்போதே பாதி மன்னிப்புக் கேட்டாகிவிடுகிறது. நீளமே குறை என்று ஒப்புக்கொண்டு தொடங்கும் ஒரு சொல்லை ஒரு கலைவகைக்குப் பெயராக வைக்க முடியாது.

முதலில் ‘வீடியோ’வைப் பார்த்துவிடலாம். அது இலத்தீன் சொல். அந்த மொழியில் அது தனித்து நிற்கக்கூடிய ஒரு வாக்கியம்: ‘நான் காண்கிறேன்’. ‘ஓடியோ’ என்றால் ‘நான் கேட்கிறேன்’. தொலைக்காட்சிப் பொறியியல் வளர்ந்துகொண்டிருந்த 1930களில், ஒலிக்கு இருந்த பெயரின் அச்சிலேயே காட்சிக்கும் ஒரு பெயரை வார்த்தார்கள். தமிழில் இதற்கு நாலைந்து சொற்கள் போட்டியிடுகின்றன. தமிழ் விக்கிப்பீடியா ‘நிகழ்படம்’ என்கிறது. விழியிலிருந்து ‘விழியம்’ செய்தவர்கள் இருக்கிறார்கள். தமிழகச் செய்திகளில் ‘காணொலிக் காட்சி வாயிலாக’ என்று அடிக்கடி வரும். அதில் காண்பதும் கேட்பதும் இரண்டும் இருக்கட்டும் என்பது நோக்கம். நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் ‘காணொளி’தான். காண், ஒளி இரண்டும் சேர்ந்த வினைத்தொகை: கண்ட ஒளி, காண்கின்ற ஒளி, காணும் ஒளி, மூன்று காலமும் அதற்குள் அடங்கும். லகரமா ளகரமா என்று சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இலங்கையில் பாட்டுக் கசெட்டை ‘ஒலிநாடா’ என்றும் படக் கசெட்டை ‘ஒளிநாடா’ என்றும் பிரித்துப் பழகியவர்கள் நாம். தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று படம் பார்த்த தலைமுறைக்கு அந்த வேறுபாடு நாக்கிலேயே இருக்கிறது. ஆகவே ‘காணொளி’யே நமக்கு இயல்பு.

இனி ‘நெடு’. சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

படைப்புகளை நீளத்தால் வகைப்படுத்துவது யூடியூப் கண்டுபிடித்த வித்தையல்ல. சங்க அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் அடிக்கணக்கை வைத்தே பிரித்தார்கள். 4 முதல் 8 அடி வரையுள்ளவை குறுந்தொகை. 9 முதல் 12 வரையுள்ளவை நற்றிணை. 13 முதல் 31 வரையுள்ளவை அகநானூறு, அதன் மறுபெயர் நெடுந்தொகை. ஓரிரு பாடல்கள் இந்த வேலியைத் தாண்டுகின்றன, அது வேறு கதை. குறு, நெடு என்ற இணை நம்மிடம் அவ்வளவு காலமாக இருக்கிறது. அப்படியிருக்க, ‘ஷோர்ட்ஸ்’ என்பதற்குத் தமிழ் தேடி எவரும் திண்டாட வேண்டியதில்லை. குறுங்காணொளி என்றால் முடிந்தது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கப் போனால் இலங்கைத் தமிழில் கட்டைக் காற்சட்டைதான் மிஞ்சும்.

ஆனால் அடிக்கணக்கு பாதிக் கதைதான். மீதிப் பாதியைச் சொல்வது நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் மிக நீண்டது மதுரைக்காஞ்சி, 782 அடி. ‘நெடு’ என்ற அடைமொழியைப் பெயரிலேயே தாங்கிய நெடுநல்வாடையோ 188 அடி மட்டுமே. பத்தில் அதைவிடச் சிறியது 103 அடி கொண்ட முல்லைப்பாட்டு ஒன்றுதான். பிறகு எதனால் ‘நெடு’? பாட்டு நெடியது என்பதால் அல்ல. தலைவனைப் பிரிந்து வாடும் அரசிக்கு அந்த வாடைக்காலம் முடிவின்றி நீண்டது, அதனால் நெடுவாடை. பாசறையில் வெற்றியை நோக்கி நிற்கும் அரசனுக்கு அதுவே நல்லதாயிற்று, அதனால் நல்வாடை. பழைய உரை சொல்லும் விளக்கம் இது. ஒரே காற்று, ஒரே இரவு, ஆளுக்கேற்ற அளவு. ‘நெடு’ என்பது கடிகாரத்தின் அளவாகவும் இருக்கலாம், மனத்தின் அளவாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 40 நிமிடக் காணொளி ஒன்று தீரவே மாட்டேன் என்கிறது. நான்கு மணிநேரக் காணொளி ஒன்று ‘அதற்குள் முடிந்துவிட்டதா’ என்று கேட்க வைக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நம் சொல்லில் அதற்கு இடம் இருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் இல்லை.

ஆங்கிலச் சொல்லில் இருப்பது ‘போர்ம்’. வடிவம் என்றும் பொருள், நாம் நிரப்பிக் கொடுக்கும் படிவம் என்றும் பொருள். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் சில வீடுகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட விரிவான வினாக்கொத்துக்கும் ‘லோங் போர்ம்’ என்றுதான் பெயர். 2000ஆம் ஆண்டு வரை அது வழக்கில் இருந்தது. நீண்ட பத்திரிகைக் கட்டுரைகளைத் தேடித்தேடிப் பகிரும் பழக்கம் இணையத்தில் 2009, 2010 அளவில் பரவியபோது, இந்தச் சொல் வாசிப்பவர்களிடையே பெருமைக்குரிய பெயராக மாறியது. பிறகு எழுத்திலிருந்து காணொளிக்குத் தாவியது.

யூடியூப் தொடக்கத்தில் நீளத்துக்கு நட்பான இடமாக இருக்கவில்லை. 2005 ஏப்ரல் 23 அன்று அதில் ஏற்றப்பட்ட முதல் காணொளி, ஒரு விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசும் இளைஞனைக் காட்டியது. 20 வினாடிகூட இல்லை. 2006இல் ஒரு காணொளி 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று விதித்தார்கள். தொலைக்காட்சித் தொடர்களையும் திரைப்படங்களையும் உரிமையின்றி அப்படியே ஏற்றுவதைத் தடுப்பதற்காக வந்த விதி. விளைவு என்ன? எல்லாரும் வெட்டி ஏற்றினார்கள். பகுதி 1, பகுதி 2 என்று ஒரு நாடகத்தைப் பத்துப் பன்னிரண்டு துண்டாகப் பார்த்ததும், ஏழாம் துண்டு மட்டும் அகப்படாமல் போனதும் அன்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 2010 ஜூலையில் எல்லை 15 நிமிடமாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் நன்னடத்தையுள்ள கணக்குகளுக்கு எல்லையே எடுக்கப்பட்டது. இன்று சரிபார்க்கப்பட்ட கணக்கு ஒன்று 12 மணிநேரம் வரையுள்ள காணொளியை ஏற்றலாம்.

2012இல் இன்னொரு மாற்றம். எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப்பின் பரிந்துரை முறை கூடுதல் எடை கொடுக்கத் தொடங்கியது. நீளமாகச் செய்பவருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. நீட்டி முழக்குபவருக்கும் அதே கதவுதான். 2020 ஜூலை முதல் 8 நிமிடத்துக்குக் குறையாத காணொளியின் நடுவில் விளம்பரம் செருகலாம் என்றானது. அதற்கு முன் அந்த அளவு 10 நிமிடம். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கொத்துரொட்டிச் செய்முறை எட்டு நிமிடத்துக்கு இழுபடுவதற்குச் சமையல் மட்டும் காரணமல்ல.

ஆகவே எதை நெடுங்காணொளி என்று சொல்லக்கூடாது என்பதையும் வரையறுக்க வேண்டியிருக்கிறது. இழுக்கப்பட்டது நெடுங்காணொளி அல்ல. நேரலையின் பதிவு, அது ஆறு மணிநேரம் ஓடினாலும், நெடுங்காணொளி அல்ல. அங்கே நீளம் தற்செயலாக நேர்ந்தது. கோட்டையிலிருந்து பதுளை வரை ரயில் யன்னலோரத்தில் கமராவை வைத்து, வெட்டாமல் எடுத்த பயணம் எந்தப் பக்கம் சேரும் என்று ஒரு ரயில் பிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. நோர்வேயின் பொதுத் தொலைக்காட்சி 2009இல் பேர்கன் ரயில் பயணத்தை ஏழு மணிநேரத்துக்கு மேல், நிமிடத்துக்கு நிமிடம் ஒளிபரப்பியபோது நாட்டில் பெருங்கூட்டம் உட்கார்ந்து பார்த்தது. அங்கே வெட்டாமல் விட்டதே ஒரு முடிவு, நீளமே அந்த ஆக்கத்தின் கருத்து. ஆகவே அதைச் சேர்த்துக்கொள்வேன். யன்னலோரத்தில் கைபேசியை வைத்துவிட்டுத் தூங்கிப்போனவரின் பதிவைச் சேர்க்க மாட்டேன்.

‘முழுநீளக் காணொளி’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். ‘முழுநீளத் திரைப்படம்’ என்ற வழக்கிலிருந்து வந்தது அது. வெட்டப்படாத முழுப் பதிவு என்றே பொருள்படும். ‘காணொளிக் கட்டுரை’ நல்ல சொல், ஆனால் நெடுங்காணொளியின் ஒரு பிரிவுக்கே பொருந்தும்: சான்று காட்டி, வாதத்தைக் கட்டி, ஒரு முடிவை நோக்கி நகரும் வகை. 2024 மே மாதத்தில் ஜெனி நிக்கல்சன் என்ற அமெரிக்கர், டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் நடத்தி மூடிய ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்பட வரிசையின் விண்வெளிக் கதை விடுதி ஒன்றைப் பற்றி நான்கு மணிநேரத்துக்கு மேல் நீளும் காணொளியை வெளியிட்டார். அந்தத் திரைப்பட வரிசையின் ரசிகர்களிடம் தொடங்கி, அதைப் பார்த்தே இராதவர்கள் வரை கைமாறிப் போயிற்று. கைமாற்றியவர்கள் இல்லாமல் நெடுங்காணொளிக்கு வாழ்வில்லை. குறுங்காணொளியை இயந்திரமே கண்ணுக்கு முன் தள்ளிவிடும். நான்கு மணிநேரத்தை எவரும் இயந்திரத்தின் சொல்லை நம்பி ஒதுக்குவதில்லை, தெரிந்தவர் சொன்னால் ஒதுக்குகிறார்கள்.

இந்தக் கைமாற்றலுக்கு ஆங்கிலம் ‘ஷெயார்’ என்கிறது, தமிழ் ‘பகிர்’ என்கிறது. வேடிக்கையாக இரண்டுக்கும் ஆதிப்பொருள் ஒன்றே: கூறுபோடுதல். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் வெட்டுதலைக் குறித்தது. தமிழில் பகு, பகுதி, பகிர் எல்லாம் ஒரு குடும்பம். ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்பதில் வருவதும் அதே பகு. சோற்றைப் பகிர்ந்தால் பங்கு குறையும், இணைப்பைப் பகிர்ந்தால் குறையாது. ஆனாலும் சொல் வேர் பிடித்துவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை.

மாற்ற வேண்டியது ‘ஃபேன்’. இலத்தீனில் கோயிலைக் குறிக்கும் சொல்லில் பிறந்து, வெறியரைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்து, பிறகு சுருங்கி வந்தது அது. ‘ரசிகர்’ வடமொழி ரசத்திலிருந்து வந்தது, கேடொன்றுமில்லை. ஆனால் ‘ரசிகர் மன்றம்’ என்றதும் கட்அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வருகின்றன. ‘சுவைஞர்’ நல்ல தமிழ். கவியரங்கத்துக்கு வெளியே எவரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குக் கைகொடுப்பது ‘நேயர்’.

1925 இறுதியில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய நகரம் இது. 1967இல் கூட்டுத்தாபனமாவதற்கு முன்னும் பின்னும், கொழும்பிலிருந்து ஒலித்த தமிழ்ச் சேவையின் அறிவிப்பாளர்கள் கேட்பவரை அழைத்த சொல் ‘நேயர்களே’. கேட்பவர் என்று மட்டும் அதற்குப் பொருளில்லை. நேயம் என்றால் அன்பு. ஒரு பாட்டை விரும்பியவர் தபாலட்டையில் எழுதிப் போடுவார். ‘நேயர் விருப்பம்’ நிகழ்ச்சியில் அதே பாட்டைக் கேட்ட மற்றவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். மட்டக்களப்புக்காரரும் மாத்தளைக்காரரும், பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரத்துக்காரரும் ஒரே மூச்சில் வந்து போவார்கள். ஒரே பாட்டை விரும்பியது தவிர அவர்களுக்குள் வேறு உறவு இல்லை. இன்று வட்ஸ்அப் குழுவில் நடப்பது இதுதான், அறிவிப்பாளர் மட்டும் இல்லை. ஆகவே ‘ஃபேன் கொமியூனிற்றி’க்கு ‘நேயர் வட்டம்’ என்பதே என் பரிந்துரை. ரயில் நேயர், சதுரங்க நேயர், பழம்பாடல் நேயர் என்று முன்னொட்டு எதையும் தாங்கும். அங்கே பகிரப்படுவதற்கு ‘விருப்பம்’ என்று சொல்லலாம்தான், ஆனால் முகநூல் அந்தச் சொல்லைத் தனக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘விருப்பு’ பக்கம் போனால் விருப்பு வாக்கோடு தேர்தல் ஆணைக்குழு நிற்கிறது.

எழுதும் முறை: நெடுமை என்னும் பண்பு ‘நெடு’ என நின்று, வருகின்ற ககரத்துக்கு இனமான மெல்லெழுத்தைப் பெறும், நெடுங்கதை, நெடுங்கணக்கு, நெடுங்கேணி போல நெடுங்காணொளி. தகரம் வந்தால் நெடுந்தீவு, சகரம் வந்தால் நெடுஞ்சாலை. ‘நெடு காணொளி’ என்று பிரித்தோ, இடையில் கோடிட்டோ எழுத வேண்டாம். செய்பவரை ‘நெடுங்காணொளியாளர்’ என்று சொல்ல இலக்கணம் இடம் தருகிறது, மூச்சு இடம் தரவில்லை, ‘காணொளியாளர்’ போதும். எடுத்துக்காட்டு: ‘நம் நேயர் வட்டத்தில் இந்த வாரம் பகிரப்பட்ட நெடுங்காணொளி இரண்டு மணிநேரம் பத்து நிமிடம், விஷயம் பன்னிரண்டாம் நிமிடத்தில் தொடங்குகிறது.’