டிரை சூட்டுக்குள் அலையும் காற்று

ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவிலுள்ள சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுவதும் நீரின் வெப்பநிலை 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். அங்கே ஸ்கூபா முக்குளிக்க விரும்புவோர் உடலை நனையவிடாத டிரை சூட் என்ற உடையை அணிந்தே ஆக வேண்டும்; அதற்கான சான்றிதழையோ முன் அனுபவத்தையோ காட்டவும் வேண்டும். அந்தக் கனவோடு, நான் பயிற்சி தரும் இங்கிலாந்துக் கல்குவாரி ஏரிக்கு வருகிறவர்களில் பலர் வெப்பக் கடல்களில் ஸ்கூபா பழகியவர்கள். "உடைதானே மாறுகிறது, இதற்கு எதற்குத் தனிப் பயிற்சி?" என்று அவர்கள் கேட்பது இயல்புதான்.

அவர்களுக்குப் பழக்கமான வெட் சூட்டுக்குள் தண்ணீர் புகும். டிரை சூட்டின் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள இறுக்கமான சீல்கள் அதைத் தடுக்கின்றன. உடம்பைச் சூடாக வைத்திருப்பது உள்ளே அணியும் தடித்த ஆடையும் அது பிடித்து வைத்திருக்கும் காற்றும்தான். ஆழத்துக்குப் போகப் போக அந்தக் காற்று சுருங்கி, உடை தோலைக் கிள்ளத் தொடங்கும் என்பதால், மார்பிலுள்ள வால்வை அழுத்திச் சிறிது சிறிதாகக் காற்றைச் சேர்க்க வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரிவதால், இடது மேற்கையிலுள்ள வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் உள்ள காற்று நீர்ப்பரப்புக்கு வரும்போது இரு மடங்காகிறது. ஆழம் குறைந்த இடம் பாதுகாப்பானது என்ற எண்ணம் இங்கே செல்லாது.

சில குளிர்காலங்களுக்கு முன், ஒரு மாணவர் குளிருக்கு அஞ்சி, உடைக்குள் அதிகக் காற்று வைத்துக்கொள்ள எண்ணி, நான் சொன்னதைவிட அதிகமான ஈய எடையைக் கட்டிக்கொண்டார். அதை நான் கவனிக்காமல் விட்டது என் தவறு. எடை கூடியதால் மிதப்பைச் சரிசெய்ய அவர் உடைக்குள் காற்றைக் கூட்டினார். 6 மீட்டர் ஆழத்தில் எதையோ பார்க்கத் தலையைத் தாழ்த்தியதும் அந்தக் காற்று முழுவதும் கால்களுக்கு ஓடி, பூட்ஸ் பலூன் போல உப்பியது. கையிலுள்ள வால்வு அப்போது கீழே இருந்ததால், எவ்வளவு அழுத்தினாலும் காற்று வெளியேறவில்லை. தலைகீழாகவே மேலே போகத் தொடங்கியவரை நான் பிடித்துத் திருப்பினேன். தனியாக இருந்திருந்தால், முழங்கால்களை மார்போடு மடக்கி, உருண்டு, தலை மேலே வந்ததும் இடது முழங்கையை உயர்த்திக் காற்றை விட்டிருக்க வேண்டும். இதை நீச்சல் குளத்திலேயே, யோசிக்காமல் வரும்வரை, பழகியிருக்க வேண்டும்.

காற்றைச் சேர்க்கும் மார்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வது இன்னொரு ஆபத்து. காற்றை வெளியேற்றிக்கொண்டே, அந்த வால்வுக்குக் காற்று கொண்டுவரும் குழாயைக் கழற்ற வேண்டும். தடித்த கையுறையோடு அதைக் கழற்றிப் பார்க்காதவரை நான் ஏரியில் இறக்குவதில்லை.

கழுத்து சீல் பற்றியும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி இறுகினால் கழுத்து நாளங்கள் அழுத்தப்பட்டுத் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். தண்ணீர் கசியக் கூடாது என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்வது வீரமல்ல. வேறு அளவைக் கேளுங்கள்.

உடையைக் கழற்றுவது சிரமம் என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. குளிர்நீரில் மூழ்கினாலே சிறுநீர் அதிகம் சுரக்கும்; அதனோடு நீரிழப்பும் சேர்ந்தால் அழுத்தக் குறைவு நோய்க்கான (மேலே வரும்போது உடலுக்குள் வாயுக் குமிழிகள் உருவாவதால் வருவது) வாய்ப்பு கூடலாம். கூச்சப்படாமல் பெரியவர்களுக்கான டயப்பர் அணிந்து வாருங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன்.