தவளக்குப்பத்தைக் கண் எப்படிப் படிக்கிறது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து, கடை போர்டுகளில் ஊர்ப் பெயரைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். கன்னியக்கோயில் தாண்டினால் கிருமாம்பாக்கம், பிறகு தவளக்குப்பம், அதன்பின் அரியாங்குப்பம். இந்த மூன்றும் எட்டெழுத்துப் பெயர்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ‘த, வ, ள, க், கு’ என்று கூட்டிக்கொண்டிருக்கும்போதே போர்டு பின்னால் போய்விடும். அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். அது எட்டு எழுத்தைப் படிக்கவில்லை. ‘தவள’, ‘குப்பம்’ என்று இரண்டு துண்டுகளைப் படித்தது.

“எங்க பையன் புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான், ஆர்வமே இல்லை” என்று வருந்தும் பல வீடுகளில் இருப்பது அந்த முதல் பிள்ளைதான். ஆர்வம் இல்லாததால் படிக்கவில்லை என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். படிப்பது பாரமாக இருப்பதால் ஆர்வம் ஒட்டுவதில்லை. அந்தப் பாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால், அதை இறக்கிவைக்கும் வழியும் தெரிந்துவிடும்.

படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், சட்டென்று தாவும், மறுபடி நிற்கும். எழுத்து மூளைக்குப் போய்ச் சேர்வது நிற்கும் அந்தக் கால் நொடியில்தான். புதிதாகப் படிக்கும் பிள்ளையின் கண் கூடுதல் நேரம் நிற்கும், அடிக்கடி பின்னாலும் திரும்பும். படித்ததைப் பிடித்துவைத்திருக்கும் தற்காலிக நினைவோ மிகச் சிறியது. ஒரே நேரத்தில் நாலைந்து துண்டுகள்தான் அதில் தங்கும். ‘சென்றுவிட்டார்கள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். செ, ன், று, வி, ட், டா, ர், க, ள் என ஒன்பது எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து நழுவிவிடும். தட்டுத்தடுமாறிச் சொல்லை முடித்தாலும், போனது யார், எங்கே போனார்கள் என்பது மறந்திருக்கும். ‘சென்று’, ‘விட்டார்கள்’ என்று பார்க்கும் பிள்ளைக்கு நினைவில் மீதி இடம் இருக்கிறது. கதை அந்த மீதி இடத்தில்தான் நடக்கிறது.

தமிழ் எழுத்துக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. ‘கொக்கு’ என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. ஆனால் அதை முதலில் ஒலிக்கக் கூடாது. ககரத்தையும் அதற்கு அப்புறம் வரும் காலையும் சேர்த்துக்கொண்டு மூன்றையும் ஒரே ஒலியாக்க வேண்டும். இன்னொன்று, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. ‘கடல்’ என்பதில் வரும் ககரம் வேறு, ‘படகு’ என்பதில் வரும் ககரம் வேறு. ‘பாட்டு’, ‘பஸ்’ இரண்டும் ஒரே பகரத்தில் தொடங்கினாலும் வாயில் வருவது வேறு வேறு ஒலி. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைக் காதுதான் முடிவு செய்கிறது. படகு தெரிந்த பிள்ளை எழுத்தைக் கூட்டும்போதே, ‘ஓ, படகா!’ என்று ஒலியைத் திருத்திக்கொள்ளும். ‘அகழி’ என்ற சொல்லை ஒருபோதும் கேட்டிராத பிள்ளைக்கு அந்த உதவி கிடைக்காது. சரியாகவே கூட்டிப் படித்திருந்தாலும், தான் படித்தது சரிதானா என்று அதற்குத் தெரியாது.

போதாக்குறைக்கு, வீட்டில் பேசுவது ‘போயிட்டாங்க’. புத்தகத்தில் இருப்பது ‘சென்றுவிட்டார்கள்’. எழுத்துத் தமிழ் காதில் விழாமல் வளரும் பிள்ளைக்குப் புத்தகம் பாதி அயல் மொழி போலத்தான் இருக்கும். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது வாசிப்பு. ஒன்று பூஜ்யமென்றால் விடையும் பூஜ்யம்.

அதனால்தான், பிள்ளைக்கு எழுத்து தெரிந்துவிட்டது என்று பெரியவர்கள் வாசித்துக்காட்டுவதை நிறுத்துவது பெரிய தவறு. பல வீடுகளில் இது முதல் வகுப்போடு நின்றுபோகிறது. ஐந்தாம் வகுப்பு வரையாவது தினமும் 15 நிமிடம் நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்கட்டும். புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். புரியாத இடத்தில் மட்டும் பேச்சுத் தமிழில் ஒரு வரி சொன்னால் போதும். விரலை எழுத்தெழுத்தாக வைக்காமல் சொல் சொல்லாக நகர்த்துங்கள்.

நீங்கள் வாசிக்கும் புத்தகம் பிள்ளையின் திறனுக்கு ஒருபடி மேலே இருக்கலாம். பிள்ளை தானாகப் படிக்கும் புத்தகம் ஒருபடி கீழே இருக்க வேண்டும். சுமார் 50 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக்காட்ட வேண்டிய புத்தகம். இரண்டு மூன்றுக்குள் இருந்தால் பிள்ளை கையில் கொடுக்கலாம். நாலாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் புத்தகம் படித்தால் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சுலபமான பக்கங்கள் நிறையப் படிக்கும்போதுதான் துண்டுகள் கண்ணில் பதிகின்றன.

தடுமாறும்போது உடனே சொல்லிக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பல சமயம் பிள்ளையே பிடித்துவிடும். பிடிக்காவிட்டால், ‘விட்டார்கள்’ என்ற பகுதியை விரலால் மறைத்து ‘சென்று’ மட்டும் காட்டுங்கள், பிறகு விரலை எடுங்கள். ‘வந்தார்’ என்பதை ‘வந்தான்’ என்று படித்துவிட்டு மேலே போனால் வாக்கியம் முடியும்வரை விடுங்கள்; முடிந்ததும், “இது பொருத்தமா வருதா?” என்று கேட்டால் போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் குறுக்கிட்டால் பிள்ளை பக்கத்தைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். ஒரே பக்கத்தை மூன்று நான்கு முறை திரும்பப் படிப்பதும் நல்ல பயிற்சி. 1979இல் சாமுவெல்ஸ் என்ற ஆய்வாளர் விவரித்த முறை இது. பத்தாவது நாளும் அதே கதையைக் கேட்கும் பிள்ளை இதைத் தானாகவே செய்துகொள்கிறது.

தாத்தா சேர்த்துவைத்த பழைய புத்தகங்களைக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, னை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். அந்த இடங்களில் பிள்ளை திணறினால் அது பிள்ளையின் குறை அல்ல.

இனி, எதைப் படிப்பது? 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். தெரிந்த விஷயம் அவ்வளவு தூரம் கைகொடுக்கிறது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்கு நண்டும் வலையும் தெரியும், பண்ருட்டிப் பிள்ளைக்குப் பலாவும் முந்திரியும் தெரியும், நெய்வேலிப் பிள்ளை சுரங்கத்து ராட்சத இயந்திரங்களைப் பற்றிக் கேட்டே வளர்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். படக்கதை, கிரிக்கெட் ஸ்கோர், பாம்பு, புயல் பற்றிய பக்கம் எல்லாமே வாசிப்புதான். ‘பாடத்துக்கு உதவாது’ என்று பிடுங்கிவைப்பதுதான் மிகுந்த கெடுதல்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் ஒன்று. பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப்போய் அலமாரி முன் 20 நிமிடம் தனியாக விடுங்கள். புதுச்சேரியில் 1827 முதல் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகமானாலும் ஊர்க் கிளை நூலகமானாலும் சரி. எடுத்த புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டால் ஏன் என்று கேட்டுத் துளைக்காதீர்கள். இந்தப் புத்தகம் தனக்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்வதும் தேர்வு செய்யப் பழகுவதில் சேர்த்திதான்.

பத்துப் பக்கம் படித்தால் சாக்லேட் என்ற பேரமும் வேண்டாம். லெப்பரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

“கதையின் நீதி என்ன?” என்று கேட்பதும் பரீட்சைதான். பிள்ளை சொல்வதில் ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். “நண்டு ஓடுது” என்றால், “ஆமா, பக்கவாட்டுல ஓடுது. ஏன் நேரா ஓடலை?” என்று கேளுங்கள். நண்டின் கால் மூட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் மடங்குபவை என்ற விடை அடுத்த பக்கத்தில் இருந்தால், பிள்ளையே புரட்டிப் பார்க்கும்.

இவ்வளவு செய்தும் மூன்றாம் வகுப்பு முடிவில் எழுத்து கூட்டுவதே பெரும்பாடாக இருந்தால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுங்கள். சோம்பேறி என்று திட்டிக் கழிக்கும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளைக்கு இழப்பு.

படிக்கத் தெரியாத அப்பா அம்மா என்ன செய்வது? கேட்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதில் பெரும்பகுதி பள்ளிக்கும் விடுமுறை. அப்பா வலை பின்னிக்கொண்டிருக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மீனைப் பற்றி உரக்கப் படிக்கட்டும். “சுறா குட்டி போடும்னா போட்டிருக்கு? எந்தச் சுறான்னு பாரு” என்று அப்பா ஒரு கேள்வி கேட்டால், அந்தப் பத்தியைப் பிள்ளை இன்னொரு தடவை படிக்கும், இந்த முறை இன்னும் நிதானமாக.