கேம்தீஃப்: சொல் விளக்கம்

ஆன்டிவைரஸ் திரையில் ‘ட்ரோஜன்-கேம்தீஃப்.வின்32.மகானியா’ என்று ஒரு பெயர் வந்தால், அது காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வைத்த பெயர். முதல் துண்டு, பிடிபட்டது என்ன வேலை செய்யும் என்பதைச் சொல்கிறது. ‘வின்32’ என்பது அது ஓடும் விண்டோஸ். கடைசியில் வருவது, ஒத்த நிரல்களின் குடும்பப் பெயர். தைவானின் கமானியா நிறுவன விளையாட்டுகளைக் குறிவைத்த குடும்பம் இது. ‘கமானியா’வில் க், ம் இரண்டையும் இடம் மாற்றினால் ‘மகானியா’.

‘கேம்தீஃப்’ என்றால் நேர்பொருளில் விளையாட்டுத் திருடன். ஆனால் இது விளையாட்டைத் தொடுவதே இல்லை. ஆன்லைன் விளையாட்டுக்குள் நுழையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எடுத்து எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். தட்டும் விசைகளைப் பதிவு செய்வது ஒரு வழி; ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு நிரலுக்குள்ளேயே புகுந்து நினைவகத்தைப் படிப்பது இன்னொன்று. பிறகு அந்தக் கணக்கில் இருக்கும் வாள், கவசம், தங்கம் எல்லாம் உண்மையான காசுக்கு விலைபோகும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் மாதம் சுமார் 77,000 கணக்குகள் பறிபோகின்றன என்று 2015 டிசம்பரில் அதை நடத்தும் வால்வ் நிறுவனமே சொன்னது. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் கவனிக்க.

இந்த வகையில் புகழ்பெற்றது காமிமா என்ற நிரல். 2007 ஆகஸ்டில் கண்டறியப்பட்ட இது பென்டிரைவ் வழியாகப் பரவும். மேப்பிள் ஸ்டோரி போன்ற விளையாட்டுகளின் கடவுச்சொல்லைத் தேடும். மறு ஆண்டே பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் லேப்டாப்களில் இருந்தது, நாசாவும் ஒப்புக்கொண்டது. நிலையத்தின் கட்டுப்பாட்டோடு அந்த லேப்டாப்களுக்குத் தொடர்பில்லை என்பதால் ஆபத்து இல்லை. மேப்பிள் ஸ்டோரி ஆட அங்கே யார் இருந்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

முன்னொட்டான ‘ட்ரோஜன்’, நல்லது போல் நுழைந்து கெடுதல் செய்யும் நிரலைக் குறிக்கும்; கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. மரக்குதிரைக்குள் வீரர்கள் ஒளிந்து ட்ராய் நகருக்குள் புகுந்த கதை. அமெரிக்க விமானப்படைக்காக 1972இல் எழுதப்பட்ட கணினிப் பாதுகாப்பு அறிக்கையிலேயே ‘ட்ரோஜன் குதிரை’ இருக்கிறது. பேச்சில் குதிரை கழன்றுவிட, ட்ரோஜன் மட்டும் மிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால், ட்ரோஜன் என்றால் ட்ராய்க்காரன், அதாவது ஏமாந்தவன். ஏமாற்றியவர்கள் கிரேக்கர்கள்.

தமிழில் இதற்கு ஈடான கதை உண்டு. கொங்குவேளிர் எழுதிய பெருங்கதை என்ற காப்பியத்தின் தலைவன் உதயணன் யானைப் பித்தன். யாழ் மீட்டியே மதயானையை அடக்குபவன். அது தெரிந்த பிரச்சோதன மன்னன் பொய்யாக ஒரு பொறியானை செய்வித்து, உள்ளே வீரர்களை ஒளித்துவைத்துக் காட்டில் விடுகிறான். நெருங்கி வந்த உதயணன் சிறைப்படுகிறான். குதிரையைவிட இந்த யானைதான் கேம்தீஃபுக்குப் பொருத்தம். ஆளின் ஆசை அறிந்து செய்த பொறி அல்லவா? இலவச நாணயம் தரும் செயலி, ஜெயிக்கவைக்கும் சீட் கோடு என்று வருவதும் அதே வேலைதான். ட்ரோஜனைப் ‘பொறியானை’ என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. ஆனால் யாரும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரியும்.

கெடுதல் செய்யும் நிரல்களின் பொதுப்பெயரான மால்வேருக்குத் தீநிரல், தீம்பொருள் என இரண்டு வழங்குகின்றன. தீம்பால், தீம்புனல் என்று படித்த காதுக்குத் தீம்பொருள் இனிய பொருளாகக் கேட்கும். தீநிரலே நல்லது.

கேம்தீஃபுக்கு ‘விளையாட்டுத் திருடன்’ என்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு வேண்டாம்; விளையாட்டாகத் திருடுகிறவன் என்றும் பொருள்படும். களவுபோவது கணக்கு. ஆகவே உலாவி, செயலி போல ‘விளையாட்டுக் கணக்குத்திருடி’ எனலாம். திருடி பெண்பால் ஆயிற்றே என்று கேட்டால், கருவிக்குப் பால் கிடையாது. கட்டுரையில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு ‘கணக்குத்திருடி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். முதல் முறை ‘விளையாட்டு’ என்ற அடையை விட்டுவிடக் கூடாது; வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் வகைக்கு ‘ட்ரோஜன்-பேங்கர்’ என்று தனிப்பெயர் இருக்கிறது.