தேக்கு வெளுத்தால் வார்னிஷ் அடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு குட்டி யானை வண்டியில் தோட்டத்து பெஞ்ச் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் கிடந்தது. நல்ல தேக்கு, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. காலில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். களியில் போவதுபோல் ஒன்றரை அங்குலம் உள்ளே போய்விட்டது.

"வருஷம் தவறாம வார்னிஷ் அடிச்சோமே, அப்படியும் எப்படிங்க இத்துப்போச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வருஷம் தவறாமல் வார்னிஷ் அடித்ததால்தான் இற்றுப்போனது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அக்கறை இல்லாத மனிதர் இல்லை அவர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து இதே கதையோடு வந்த நான்காவது பெஞ்ச் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரே ஒரு பயம். வாங்கிய புதிதில் பொன் நிறமாக இருந்த மரம், ஒரு கோடை தாண்டியதும் சாம்பல் பூத்துவிடுகிறது. கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து உடனே பெயிண்டரைக் கூப்பிடுகிறார்கள். அது கெட்டுப்போவது இல்லை, தயவுசெய்து நம்புங்கள். மரத்தின் நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிச்சம் நிற்கிற நார்தான் சாம்பலாகத் தெரிகிறது. அதன் ஆழம் நகக்கனம்கூடக் கிடையாது. இழைப்புளியை இரண்டு ஓட்டு ஓட்டினால் கீழே அதே பொன் நிறத் தேக்கு, அதே வாசனையோடு இருக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் கண்முன்னே எத்தனையோ தடவை இழைத்துக் காட்டியிருக்கிறேன். பார்க்கும்போது தலையாட்டுகிறார்கள், அடுத்த கோடையில் மறுபடியும் பயந்துவிடுகிறார்கள்.

மியான்மரில் அமரபுரா என்ற ஊரில் யூ பெய்ன் பாலம் இருக்கிறது. 1850 வாக்கில், பழைய அரண்மனையின் தேக்கு மரங்களைக் கொண்டுவந்து ஏரிக்கு மேலே கட்டியது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர், ஆயிரத்துக்கும் மேலே தூண்கள். சில தூண்களைப் பிற்பாடு கான்கிரீட்டாக மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பாலம் இன்றும் மரப்பாலம்தான். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கு வந்த அதே பர்மா தேக்கு. அங்கே வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாக நின்றுகொண்டு ஜனங்களைச் சுமக்கிறது. உங்கள் தோட்டத்து நாற்காலிக்கு அதைவிடப் பெரிய சோதனை ஒன்றும் வந்துவிடாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் தேக்கு என்று சொல்வது மரத்தின் உள்ளே இருக்கும் முற்றிய கட்டையை, அதைத்தான் சேகை என்போம். ஓரத்து வெள்ளைக் கட்டைக்கு இந்த ஆயுள் கிடையாது, கரையானும் அதைத்தான் முதலில் தேடிப் போகும். இளசாக வெட்டிய மரத்தில் வெள்ளையே அதிகம் இருக்கும். அதற்குச் சாயம் பூசி விற்கிறார்கள். வாங்கும்போது பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாயம் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

சரி, வார்னிஷுக்கு வருவோம். நிறமில்லாத பூச்சு வழியாக வெயில் உள்ளே போகும். பூச்சுக்கு அடியிலேயே மரம் தளர்ந்து, பூச்சு பிடிப்பை இழக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும், அக்னி நட்சத்திரத்தில் சுருங்கும். பூச்சு அந்த அளவுக்குக் கூடவே ஊதிச் சுருங்காது. ஒரு கட்டையின் செதுக்கிய முனை, அதாவது கழுந்து, இன்னொரு கட்டையின் துளைக்குள் இறங்கும் மூட்டில்தான் முதல் விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, சுற்றிலும் படலம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சையால் வளர முடியாது. வெறும் மரம் மழை விட்ட சில நாட்களில் காற்றில் காய்ந்து அந்த அளவுக்கு வந்துவிடும். வார்னிஷ் அடித்த மரம் மாதக்கணக்கில் வராது. ஈரத் துணியைப் பாலிதீன் பையில் கட்டிவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்த பெஞ்சின் காலுக்கும் ஆகியிருந்தது.

பெயிண்டர்களைக் குறை சொல்லவில்லை. பூஜை அறைக் கதவுக்கும் கட்டிலுக்கும் அவர்கள் போடும் பாலிஷ் அருமையானது. ஆனால் அரக்கு பாலிஷ் மேலே தண்ணீர் நின்றாலே வெள்ளை பூத்துவிடும், வீட்டுக்குள் போடும் பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு வெயிலில் தோல் உரிவதுபோல் உரியும். படகுக்கு அடிக்கும் மெரைன் வார்னிஷ்கூட வருஷா வருஷம் தேய்த்துப் புதுப்பித்தால்தான் நிற்கும். அந்த உழைப்புக்குத் தயாராக இருந்தால் அடியுங்கள். பழைய பூச்சுக்கு மேலேயே இன்னொரு கை இழுப்பதற்குப் பெயர் புதுப்பித்தல் இல்லை.

சுத்தம் செய்வதில் நடக்கும் கொடுமை வேறு. ஒரு வீட்டில், வேலை செய்யும் அம்மாவிடம் பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் கொடுத்து நாற்காலிகளைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. அந்த அம்மா மூச்சு முட்டி, இருமி இருமி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. நாற்காலி என்னிடம் வந்தது, நார் நாராகப் பிய்ந்து. ஒரு மரச்சாமான் வெள்ளையாகத் தெரிவதற்காக ஒருவருடைய நுரையீரலைப் பணயம் வைக்காதீர்கள். பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் இரண்டுமே மரத்துக்கு வேண்டாம். தனித்தனியாகவும் வேண்டாம்.

கார் கழுவும் பிரஷர் பம்பும் வேண்டாம். அது அழுக்கோடு சேர்த்து மரத்தின் மென்மையான பகுதியையும் கிளறி எடுத்துவிடும். வரிவரியாகப் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் பாசி குடியேறும்.

வேண்டியது இவ்வளவுதான்: ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, அல்லது பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர், ஒரு தேங்காய் நார். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, நிழலில் காற்றாட விடுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை செய்தால் போதும். ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை இருந்தால் அது இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாக்கியது, சோப்புக்குப் போகாது. ஆக்சாலிக் ஆசிட் கரைசலில் போகும். அது விஷம், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. கறையோடு இருந்தாலும் பெஞ்ச் நன்றாகத்தான் உழைக்கும்.

எண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவசியம் இல்லை. நம் ஈரக்காற்றில் லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், பூஞ்சைக்குச் சாப்பாடாகிக் கறுத்துப்போகும். அதற்கு மேலே இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே சூடேறிப் பற்றிக்கொள்ளும். 1991இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணிகளில் தொடங்கிய தீயில் எரிந்தது, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். எண்ணெய்த் துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள். என் பட்டறைப் பையன்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான்.

அப்புறம் கால்கள். காலின் அடிமுகத்தில் மரத்தின் குழாய்கள் எல்லாம் வாய் திறந்திருக்கும், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். புல்லின் மேலோ மண்ணின் மேலோ நேராக வைக்காதீர்கள்.

கடலோரத்து வீடென்றால் ஸ்குரூவும் கொக்கியும் 316 தர எவர்சில்வரில் கேட்டு வாங்குங்கள். 304 என்றால் உப்புக் காற்றில் பழுப்புக் கறை படியும், சாதா இரும்பு தின்றே போய்விடும். தோட்டத்தில் ஊஞ்சல் இருந்தால் கொக்கியும் சங்கிலியும் உரசும் இடத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். அங்கேதான் தேயும், தேய்வது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மொட்டை மாடியில் பல வருஷம் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, தடவினால் கையில் மாவு ஒட்டுகிறதா? உடைத்துப் போடுங்கள். பாட்டியையோ தாத்தாவையோ அதில் உட்காரவைக்காதீர்கள், திடீரென்று கால் விரியும்.

அந்த பெஞ்சின் நான்கு கால்களையும் நல்ல கட்டை வரும்வரை அறுத்து, புதுத் தேக்கில் ஒட்டுக் கொடுத்தேன். மேலே இருந்த வார்னிஷை முழுக்கச் சுரண்டி இழைக்க மூன்று நாள் ஆனது. எடுக்க வந்த வீட்டுக்காரர், "பாலிஷ் எதுவும் இல்லாம அப்படியேவா?" என்றார். அப்படியேதான் என்று சொல்லி, காலுக்கு அடியில் வைக்க நான்கு கடப்பா கல் துண்டுகளை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.